அந்த எடத்துல அந்தப் பாட்டு: வாசகர் கேள்வி பதில்

குன்னூர்ல இந்த மாசம் மழைக்கும் பஞ்சமில்ல, கேள்விக்கும் பஞ்சமில்ல. போன இதழ்ல, ஒரு பாட்டு படத்துல சரியான எடத்துல வந்து விழுந்தா ஏன் நமக்கு நெஞ்ச அடைக்குதுன்னு நாலு வரி எழுதிட்டு, உங்களுக்கு அப்படி நடந்தத எழுதி அனுப்புங்கன்னு கேட்டிருந்தேன். பாதி வாட்ஸ்அப்புல வந்துச்சு, மூணு இன்லேண்ட் லெட்டர்ல வந்துச்சு (இன்னும் இன்லேண்ட் வாங்கி எழுதுற ஆளுங்க இருக்காங்கன்றதே எனக்கு சந்தோஷம்). பேர் வேண்டாம்னு நெறைய பேர் சொன்னதால எல்லாருக்குமே ஊர் பேர் மட்டும் போட்டிருக்கேன்.

கொடைக்கானல்ல இருந்து ஒரு டாக்ஸி டிரைவர்: அண்ணே, 20 வருஷமா டூரிஸ்ட் வண்டி ஓட்டுறேன். குணா குகைக்கு ஒரு நாளைக்கு ரெண்டு ட்ரிப்பாச்சும் போவேன். முன்னெல்லாம் ‘கண்மணி அன்போடு காதலன்’ போட்டா ஜோடியா வந்தவங்கதான் ரசிப்பாங்க. ‘மஞ்சும்மல் பாய்ஸ்’ வந்ததுக்கு அப்புறம் ஆம்பளப் பசங்க ஏழெட்டுப் பேரா வந்து அதத்தான் போடச் சொல்றாங்க, போட்டா ஒருத்தன் தோள்ல ஒருத்தன் கைய போட்டுக்கறானுங்க. அதே பாட்டுதானே, எப்படிண்ணே மாறுச்சு?

தம்பி, பாட்டு மாறல, அதுக்கு முன்னாடி வந்து நிக்கிற ஆள் மாறிட்டான். வெள்ளக்காரன் அந்த எடத்துக்கு டெவில்ஸ் கிச்சன்னு பேர் வச்சிருந்தான், 1991ல ‘குணா’ வந்தப்புறம் அந்தப் பேர் யாருக்கும் வேண்டாம்னு ஆயிடுச்சு, உங்களுக்குத் தெரியாததில்ல. இளையராஜா மெட்டு, வாலி வரிகள், கமலும் எஸ்.ஜானகியும் பாடுனது. அந்தப் பாட்டோட அமைப்பே கொஞ்சம் வித்தியாசமானது, கவனிச்சிருக்கீங்களா? அவன் லெட்டர் எழுதணும்றான், அவன் வாயால சொல்லச் சொல்ல அவ எழுதறா, எழுதுனத அவ பாட்டா படிச்சுக் காட்டறா. அவன் பேசறது சாதாரணப் பேச்சு, அதே பேச்சு அவ வாய்க்குப் போனா பாட்டாயிடுது. தன் மனசுல இருக்கறத தானா சொல்லத் தெரியாத ஒருத்தனுக்கு இன்னொருத்தர் வாய் கொடுக்கற பாட்டு அது.

இப்ப 2024க்கு வாங்க. ‘மஞ்சும்மல் பாய்ஸ்’ 2006ல நெஜமா நடந்த கதை, கேரளாவுல இருந்து டூர் வந்த பசங்கள்ல ஒருத்தன் குழிக்குள்ள விழுந்துடறான், இன்னொருத்தன் இடுப்புல கயிறு கட்டிட்டு எறங்கறான். படம் முழுக்க அந்தப் பசங்க ஒருத்தன ஒருத்தன் திட்டறதும் கலாய்க்கறதும்தான். ‘டேய் நீன்னா எனக்கு உசுருடா’ன்னு எவனாவது வாயத் தெறந்து சொல்றானா? சொல்ல மாட்டான். நம்ம ஊர்லயும் சொல்ல மாட்டான், ஆம்பளப் பசங்களுக்கு அதுக்குன்னு ஒரு வார்த்த யாரும் சொல்லிக் குடுக்கல. ரெண்டு பேரும் மேல வர்ற எடத்துல டைரக்டர் சிதம்பரம் அந்தப் பாட்ட எடுத்து வச்சாரு பாருங்க, 33 வருஷமா லவ் சாங்னு நாம பத்திரமா வச்சிருந்தத, வாய் வராத இன்னொரு கூட்டத்துக்குக் கடன் குடுத்துட்டாரு. பாட்டுல ஒரு எடம் வரும், எனக்கு எவ்வளவு காயம் பட்டாலும் நான் தாங்கிக்குவேன், உன் ஒடம்பு தாங்காதுன்னு. காதலி கிட்ட சொல்றப்ப அது கொஞ்சல். உண்மையிலேயே ஒடம்பெல்லாம் கிழிஞ்சு, சேறும் ரத்தமுமா மேல வர்றவன பாத்துட்டு அந்த எடத்த நெனச்சுப் பாருங்க. மனுசக் காதலத் தாண்டினதுன்னு வாலி எழுதுனது, அவருக்கே தெரியாம இந்தப் பசங்களுக்கும் சேத்து எழுதுனது மாதிரி ஆயிப்போச்சு.

இன்னொரு விஷயம், உங்க கஸ்டமர் கிட்ட சொல்லி வண்டி வாடகைய கொறச்சுக்காதீங்க: படத்துல பாக்கற குழியோட உள்பக்கம் உங்க ஊர்லயே எடுத்ததில்ல, கேரளாவுல செட் போட்டு எடுத்தது. ஆனா அந்தப் பாட்டு வந்ததும் செட்டாவது ஒண்ணாவது.

ஒரு ரிக்வெஸ்ட். குகைக்குப் போற வழியில அந்தப் பாட்ட போடாதீங்க. அவங்க எறங்கிப் போயி, தரைக்கு மேல பின்னிக் கெடக்கற அந்த வேரெல்லாம் பாத்து, கம்பி வேலிக்கு வெளிய நின்னு எட்டிப் பாத்துட்டு, சத்தமில்லாம வண்டியில ஏறுவாங்கல்ல, அப்பப் போடுங்க.

ஊட்டியில இருந்து ஒரு வாசகர்: சோக சீனுக்கு சோகப் பாட்டு, சந்தோஷ சீனுக்கு சந்தோஷப் பாட்டு. இதுல ஆராய என்ன சார் இருக்கு?

குழம்புல உப்பு போட்டாச்சான்னு கேக்காம இன்னொரு கரண்டி உப்பு போடறவங்க எல்லா வீட்லயும் ஒருத்தர் இருப்பாங்க சார். அடுத்த லெட்டர படிங்க.

கோத்தகிரியில இருந்து ஒரு வாசகி: அண்ணா, அம்மாவ கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில அட்மிட் பண்ணிட்டு, துணைக்கு அக்காவ விட்டுட்டு, நான் மட்டும் ராத்திரி பஸ்ல மேட்டுப்பாளையம் வழியா மேல வந்துட்டு இருந்தேன். அது வரைக்கும் ஒரு சொட்டு கண்ணீர் வரல. பாதி மலை ஏறினதும் டிரைவர் தூக்கம் வராம இருக்க ஒரு குத்துப் பாட்ட போட்டாரு. நான் தேம்பித் தேம்பி அழுதுட்டேன். பக்கத்து சீட்டு பாட்டி பயந்துட்டாங்க. குத்துப் பாட்டுக்கு யாராச்சும் அழுவாங்களா?

அழுவாங்கம்மா. மொதல்ல, அம்மா இப்ப வீட்டுக்கு வந்துட்டாங்கன்னு கடைசியில ஒரு வரி எழுதியிருந்தீங்க, அதப் படிச்சப்புறம்தான் நான் மிச்சத்தயே நிம்மதியா படிச்சேன்.

அந்த நேரம் டிரைவர் ஒரு சோகப் பாட்டு போட்டிருந்தா நீங்க அழுதிருக்க மாட்டீங்கன்னு நெனைக்கறேன். உங்க மனசுல என்ன இருக்கோ அதயே ஸ்பீக்கரும் சொல்லியிருக்கும், ‘ஆமா தெரியும்’னு நீங்க ஜன்னல் பக்கம் திரும்பியிருப்பீங்க. குத்துப் பாட்டுக்கு உங்கம்மாவத் தெரியாது, ஆஸ்பத்திரி வாசன தெரியாது, அது பாட்டுக்கு பறைய அடிச்சுட்டு விசில் ஊதிட்டு ஜாலியா போகுது. ஒலகம் அது வேலைய பாத்துட்டு இருக்கு, நமக்கு மட்டும்தான் இப்படின்னு அந்த செகண்ட்ல தோணும் பாருங்க, அங்கதான் ஒடையும். நல்ல டைரக்டர்ங்க இத தெரிஞ்சே செய்வாங்க. திருவிழாக் கூட்டம் ஆடிட்டு இருக்கும், ஓரத்துல ஒருத்தன் காதுல வந்து யாரோ ஒரு சேதி சொல்லிட்டுப் போவாங்க, மேளம் நிக்காது. மேளம் நின்னுடுச்சுன்னா அந்த சீன் பாதியாயிடும்.

அந்த டிரைவருக்கு சினிமா எடுக்கத் தெரியாது, தூக்கம் வராம வண்டி ஓட்டணும், அவ்வளவுதான். ஆனாலும் வளைவு திரும்பறப்ப கீழ மேட்டுப்பாளையம் லைட்டெல்லாம் ஒரு தடவ தெரிஞ்சு மறுபடி மிஸ்டுக்குள்ள போயிடுச்சுன்னு எழுதியிருக்கீங்களே, அந்த லைட்டையும் அந்தப் பாட்டையும் இனிமே உங்களால பிரிக்க முடியாது. எங்கயாவது கல்யாண வீட்ல அந்தப் பாட்ட போட்டாலும் உங்களுக்கு அந்த வளைவு வரும்.

கேத்தியில இருந்து ஒரு ரிட்டயர்டு டீச்சர்: தம்பி, ‘மூன்றாம் பிறை’ கிளைமாக்ஸ் எங்க ஊர் ஸ்டேஷன்ல எடுத்தது. அந்தப் படத்துல வர்ற ‘கண்ணே கலைமானே’ ஒரு தாலாட்டுப் பாட்டு. என் பேத்திக்கு பாடலாம்னு ஆரம்பிச்சா ரெண்டாவது வரியில எனக்கே தொண்ட கட்டிக்குது. தாலாட்டு எப்படிப்பா இப்படி ஆச்சு?

அம்மா, நீங்க கேத்தி ஸ்டேஷனுக்குப் பக்கத்துலயே இருக்கீங்க, அதான் காரணம்னு சும்மா சொல்லி தப்பிச்சுக்கலாம். ஆனா மெட்ராஸ்ல இருக்கறவங்களுக்கும் இதே கதைதான்.

படத்துல அந்தப் பாட்டு வர்றப்ப ஒரு கொழந்த மனசுள்ள பொண்ண ஒருத்தன் தூங்க வைக்கறான். அந்த நிமிஷத்துல சோகம்னு பெருசா ஒண்ணும் இல்ல, சொல்லப்போனா நிம்மதியான சீன். யேசுதாஸ் கொரல், ராஜாவோட மெட்டு, பாலுமகேந்திராவோட அரை வெளிச்சம். கிளைமாக்ஸ்ல அதே பொண்ணு இவன யாருன்னே தெரியாம ரயில்ல ஒக்காந்திருப்பா, இவன் மழையில சேத்துல விழுந்து எந்திரிச்சு, குட்டிக்கரணம் போட்டு, கொரங்கு மாதிரி ஆடிக் காட்டி, கெஞ்சி... உங்களுக்கு நான் சொல்லவா. அதப் பாத்து முடிச்சவனுக்கு அந்தத் தாலாட்டு பின்னாடி போயி மாறிடுது. அவன் தூங்க வச்சது ஒருநாள் முழிச்சுக்கிட்டு தன்ன மறக்கப் போற ஒருத்திய. பாட்டு கேக்கறப்ப அது அவனுக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும். பாட்டுக்குள்ள இருக்கற ஆளவிட கேக்கற ஆளுக்கு ஜாஸ்தி தெரிஞ்சா, அப்பத்தான் தொண்ட கட்டும்.

அதுக்கு மேல, கண்ணதாசன் சினிமாவுக்கு எழுதின கடைசிப் பாட்டு அதுதான்னு சொல்வாங்க. 1981 அக்டோபர்ல அவர் போயிட்டார், படம் வந்தது 1982 பிப்ரவரியில. தியேட்டர்ல அந்தப் பாட்ட மொத மொதல்ல கேட்டவங்க எல்லாம் இல்லாத ஒருத்தரோட வரியத்தான் கேட்டாங்க. பேத்திக்கு இதெல்லாம் தெரியாதுல்ல, அவளுக்குப் பாடுங்க. தொண்ட கட்டினா மெட்ட மட்டும் முணுமுணுத்தாப் போதும், தூங்கிடுவா.

குன்னூர் சிம்ஸ் பார்க் பக்கத்துல இருந்து ஒரு வாசகி: ‘96’ல ‘யமுனை ஆற்றிலே’ வர்ற சீன் நான் பத்து தடவ பாத்திருப்பேன். எங்க வீட்டுக்காரர், ‘அதுல மியூசிக்கே இல்லையே, ஒரு பொண்ணு சும்மா பாடுது, இதுக்கா இந்த அலப்பற’ங்கறார். அவருக்கு எப்படிப் புரிய வைக்கறது?

வீட்டுக்காரர் சொன்னது கரெக்ட்தான், மியூசிக் இல்ல. அதுதாங்க வேலையே செஞ்சிருக்கு.

பாட்டு 1991ல வந்த ‘தளபதி’யோடது. ஸ்கூல்ல படிக்கறப்ப இருந்து ராமுக்கு ஜானு அந்தப் பாட்ட பாடணும், அவ வேற எல்லாத்தையும் பாடுவா, அத மட்டும் பாட மாட்டா. நம்மளும் படம் பாக்க ஆரம்பிச்சதுல இருந்து அவனோட சேந்து கேட்டுட்டே இருக்கோம். 20 வருஷக் கடன். கடைசியில கரண்ட் போயிடுது, இருட்டுல அவ கொரல் மட்டும் வருது. வீணையும் வயலினும் சேத்து விட்டிருந்தா அது சினிமா பாட்டாயிருக்கும், வெறும் கொரல்ங்கறதால ஒரு பொம்பள ஒரு வீட்ல ஒருத்தனுக்காக பாடறதா இருக்கு. அவன் அடிச்சுப் புடிச்சு ஓடி வர்றான் பாருங்க, அந்த ஓட்டத்த பாத்தாலே போதும்.

மகேந்திரனோட ‘ஜானி’, 1980, அதையும் ரெண்டு பேரும் சேந்து பாத்துடுங்க. கடைசியில ஸ்ரீதேவி, காத்து மழையில ஆளே இல்லாத மேடையில நின்னு ‘காற்றில் எந்தன் கீதம்’ பாடிட்டு இருப்பாங்க, வருவானா மாட்டானான்னு. அங்க பாட்டு நின்னா கதையும் நின்னுடும். பாட்டுக்குள்ள சீன் நடக்குதா, சீனுக்குள்ள பாட்டு நடக்குதான்னு பிரிச்சு சொல்லவே முடியாது.

இல்லன்னா ஒண்ணு பண்ணுங்க, மழைக் காலத்துல நம்ம ஊர்ல கரண்ட் போறதுக்கா பஞ்சம். போனதும் இருட்டுல நீங்க ஒரு பாட்டு பாடுங்க. வீட்டுக்காரர் டார்ச்ச தேடறாரா உங்கள தேடறாரான்னு பாருங்க.

கூடலூர்ல இருந்து ஒரு காலேஜ் தம்பி: அண்ணா, ஃபோன்ல ஒரு ஷார்ட் ஃபிலிம் எடுத்திருக்கேன். அப்பா எறந்து ஒரு மாசம். அம்மா கொழுந்து பறிச்சுட்டு சாயங்காலம் வீட்டுக்கு வர்றாங்க. செவுத்து ஆணியில அப்பாவோட ஸ்வெட்டர் தொங்குது. அத எடுத்துப் போட்டுக்கறாங்க. அவ்வளவுதான் சீன். இதுக்கு ஒரு ஃபேமஸான அம்மா பாட்டு போட்டு வச்சிருக்கேன், ஆனா ஃப்ரெண்ட்ஸ் பாத்துட்டு ‘நல்லாருக்குடா’ன்னுட்டு ஃபோன குடுத்துட்டாங்க. எங்க தப்பு?

டேய் தம்பி, சீன் பிரமாதம். தப்பு பாட்டுலதான், பாட்டு நல்ல பாட்டுங்கறதாலயே தப்பு.

மொதல்ல பாட்ட தூக்கிட்டு, சும்மா அந்த சவுண்ட மட்டும் வச்சு ஓட்டிப் பாரு. அம்மா உள்ள வர்றாங்க, தலையில போட்டிருக்கற பிளாஸ்டிக் தாள உருவறாங்க, தண்ணி சொட்டுது, தகரத்து மேல மழை. ஸ்வெட்டர ஆணியில இருந்து எடுக்கறப்ப ஆணி லேசா கீச்சுனு ஒரு சத்தம் குடுக்கும் பாரு (குடுக்கலன்னா குடுக்க வை). இது எல்லாம் உன் அம்மா பாட்டுக்கு அடியில செத்துப் போச்சு. உன் ஃப்ரெண்ட்ஸ் பாட்டோட அம்மாவத்தான் பாத்தாங்க, ஸ்வெட்டர் போட்ட அம்மாவ பாக்கவே இல்ல. அந்தப் பாட்டுக்கு அவங்க மனசுல ஏற்கனவே ஒரு ஹீரோ, ஒரு படம், ஒரு தீபாவளி ரிலீஸ் எல்லாம் இருக்கு, உன் சீன் அதுக்குள்ள ஒரு ஓரமா ஒக்காந்துடுச்சு. பழைய பாட்டு கூடவே பழைய ஞாபகத்தையும் கூட்டிட்டு வரும், கொடைக்கானல் டிரைவருக்கு சொன்னேன்ல ‘மஞ்சும்மல் பாய்ஸ்’, அந்தப் படத்துல அந்த ஞாபகமே கதைக்கு வேணும், அதனால ஜெயிச்சுது. உனக்கு அது வேண்டாத விருந்தாளி.

இன்னொண்ணு, உன் பாட்டு ‘அம்மா பாவம்’னு சொல்லுது. அத சீனே சொல்லிடுச்சு. சீன் எத சொல்லல? அப்பா யாரு, எப்படி இருந்தாரு, அத சொல்லல. அப்ப பாட்டு அவரத்தான் கூட்டிட்டு வரணும். மொத சீன்லயே அப்பா உயிரோட இருக்கற மாதிரி ஒரு முப்பது செகண்ட் எடு. ஷேவ் பண்ணிக்கிட்டே ஒரு பாட்ட சுருதியே இல்லாம, வரி மறந்து, தப்பா முணுமுணுக்கட்டும், அம்மா உள்ள இருந்து ‘பாடி முடிச்சாச்சா’ன்னு கிண்டல் பண்ணட்டும். அத விட்டுடு, மறுபடி அதப் பத்தி பேசாத. ஸ்வெட்டர் சீன்ல, அம்மா ரெண்டாவது கைய நொழைக்கறப்ப, பக்கத்து வீட்டு ரேடியோவுல செவுத்த தாண்டி அதே மெட்டு சன்னமா வரட்டும், இந்தத் தடவ சுருதி சுத்தமா. அம்மா கை அப்படியே ஒரு செகண்ட் நிக்கும். கட்.

‘நாயகன்’ல (1987) ‘தென்பாண்டிச் சீமையிலே’ எப்படி வருதுன்னு கவனிச்சுப் பாரு. முழுப் பாட்டா நின்னு யாரும் ஆடறதில்ல, துண்டு துண்டா வந்து வந்து போகும், கடைசியில அது வர்றப்ப அந்த மனுசனோட மொத்த ஆயுசும் அந்த ரெண்டு வரிக்குப் பின்னாடி வந்து நிக்கும். சின்னதா நட்டுட்டுப் போனாத்தான் பின்னாடி பறிக்க முடியும், உங்க வீட்ல தேயில வச்சிருந்தா அம்மாவ கேளு.

அப்புறம் ப்ராக்டிகலா ஒரு விஷயம். சினிமா பாட்ட அப்படியே எடுத்துப் போட்டு யூடியூப்ல ஏத்துனா கிளெய்ம் வரும். ஒரு பாட்டுல ரெண்டு உரிமை இருக்கு, ரெக்கார்ட் பண்ண அந்த ஒலிப்பதிவுக்கு ஒண்ணு, மெட்டுக்கும் வரிக்கும் இன்னொண்ணு. 1957 காப்பிரைட் சட்டத்துல 2012ல பண்ண திருத்தத்துக்கு அப்புறம் மெட்டு போட்டவங்களுக்கும் எழுதுனவங்களுக்கும் ராயல்டி பங்கு இன்னும் கெட்டியாச்சு. உரிமை வாங்கித்தான் போட்டோம்னு சொன்ன ‘மஞ்சும்மல் பாய்ஸ்’காரங்களுக்கே 2024ல இளையராஜா தரப்புல இருந்து நோட்டீஸ் போச்சு, நீயும் நானும் எம்மாத்திரம். உங்க காலேஜ்ல கீபோர்டு வாசிக்கற ஒருத்தன் இருப்பான்ல, அவன ஒரு எட்டு பார் மெட்டு போடச் சொல்லு. அவனுக்கு அந்த அம்மா பாட்ட போட்டுக் காட்டிட்டு ‘இந்த மாதிரி வேணும்’னு மட்டும் சொல்லிடாத. பெரிய எடிட்டிங் ரூம்லயே நடக்கற வெனை இது, தற்காலிகமா ஒரு மியூசிக் போட்டு எடிட் பண்ணுவாங்க, நாலு வாரம் அதயே கேட்டுக் கேட்டு, அப்புறம் புதுசா எது வந்தாலும் ‘அது மாதிரி இல்லையே’ம்பாங்க. அவனுக்கு ஸ்வெட்டர மட்டும் காட்டு.

முடிச்சுட்டு எனக்கு அனுப்பு. இல்லன்னா நானே கூடலூர் வந்துடுவேன்.

வெலிங்டன்ல இருந்து ஒரு வாசகர்: நம்ம ஊட்டி மலை ரயில் மேல ஷாருக் கான் ஆடுன ‘தில் சே’ பாட்டு, தமிழ்ல ‘உயிரே’ல ‘தைய்யா தைய்யா’. கதை நடக்கறது அஸ்ஸாம் பக்கம், ரயில் ஓடறது நம்ம பக்கம். இதுவும் சரியான ஜோடின்னு ஒத்துக்குவீங்களா?

ஒத்துக்குவேன், லேசா சிரிச்சுக்கிட்டே. 1998ல தியேட்டர்ல மொத தடவ பாத்தப்ப, ‘டேய் இது நம்ம வண்டிடா’ன்னு ஒரு கூட்டமே எந்திரிச்சுது, அப்புறம் ஹீரோ வாயசைச்சத யாரு பாத்தா.

சீன நெனச்சுப் பாருங்க. ராத்திரி, மழை, ஆளில்லாத ஸ்டேஷன், ஒரு பொண்ணு. டீ கேக்கறா. இவன் டீ வாங்கிட்டு ஓடி வர்றதுக்குள்ள ரயில் கெளம்பிடுது. அவ்வளவுதான் நடந்தது, ஒரு டீ கூட குடிக்கல. இதுக்கு ஒருத்தன் எவ்வளவு பைத்தியமாவான்னு வசனத்துல சொன்னா நாம சிரிச்சுடுவோம். ரஹ்மான் அந்த தாளத்த அடிச்சதும் ‘சரி, இவன் அவுட்டு’ன்னு நம்பிடறோம். மலை ஏறறதுக்கு 46 கிலோமீட்டர், 208 வளைவு, ஏறக்கொறைய அஞ்சு மணி நேரம் எடுக்கற நம்ம வண்டி அந்தப் பாட்டுல மட்டும் பறக்கற மாதிரி தெரியுது பாருங்க, அது முழுக்க தாளமும் சந்தோஷ் சிவனோட கேமராவும் செஞ்ச வேலை. சவுண்ட ஆஃப் பண்ணிட்டுப் பாருங்க, நம்ம வண்டி நம்ம வண்டியாவே போகும்.

அருவங்காட்டுல இருந்து ஒரு வாசகர்: ஊருக்கெல்லாம் பாட்டு போடச் சொல்லித் தர்றீங்களே, நீங்க எப்பயாச்சும் தப்பா போட்டிருக்கீங்களா?

இந்தக் கேள்விய தூக்கிப் போட்டுடலாமான்னு ரெண்டு நாள் யோசிச்சேன்.

பத்திரிகைக்கு வர்றதுக்கு முன்னாடி, தொண்ணூறுகள்ல, நான் குன்னூர்ல ஒரு கல்யாண வீடியோ கடையில வேலை பாத்தேன். தோள்ல தூக்கற பெரிய விஹெச்எஸ் கேமரா, கடையில ரெண்டு டெக்கு, ஒரு சின்ன மிக்ஸர். எடிட்டிங்னா ஒரு டெக்குல ஓட விட்டு இன்னொண்ணுல ரெக்கார்ட் பண்றது, அப்புறம் ஆடியோ டப் பட்டன அமுக்கி மேல பாட்ட ஏத்தறது. ஏத்துனா அடியில இருந்த நெஜ சத்தம் போயிடும், திரும்ப வராது. கேமராவுல இருந்த ஒரிஜினல் கேசட்ட அடுத்த கல்யாணத்துக்கு அழிச்சு யூஸ் பண்ணுவோம், கேசட் வெல அப்படி. எங்க மலையில ஈரத்துக்கு டேப்புல பூஞ்சை வேற புடிச்சுக்கும், அதனால யாரும் எதயும் சேத்து வைக்கறதில்ல.

கோத்தகிரி பக்கம் ஒரு எஸ்டேட் லயன் வீட்ல கல்யாணம். சிலோன்ல இருந்து திரும்பி வந்த குடும்பம். பொண்ணு காருல ஏறி மாப்பிள்ள வீட்டுக்குக் கெளம்பற சீன், மழைத் தூத்தல், அவங்கப்பா கார் ஜன்னல் கிட்ட குனிஞ்சு நிக்கறாரு. எனக்கு அப்ப 22 வயசு, எனக்குள்ள ஒரு பெரிய டைரக்டர் இருக்காருன்னு நெனப்பு. பொண்ணு பொறந்த வீட்ட விட்டுப் போற மாதிரி ஒரு உருக்கமான பாட்ட எடுத்து, கரெக்டா கார் கதவு சாத்தற எடத்துல பல்லவி ஆரம்பிக்கற மாதிரி டப் பண்ணேன். கடைக்கு வந்த எல்லாருக்கும் அந்த எடத்த போட்டுக் காட்டுனேன். ரெண்டு பேர் அழுதாங்க. எனக்கு தலகால் புரியல.

ரெண்டு வருஷம் கழிச்சு பொண்ணோட அம்மா அந்த கேசட்ட ஒரு மஞ்சப் பையில போட்டு எடுத்துட்டு வந்தாங்க. அவர் போயிட்டார் தம்பின்னாங்க. அவர் கொரல் எங்கயும் இல்ல, இதுல ஒரே ஒரு எடத்துல பேசுவாரு, ஆனா கேக்க மாட்டேங்குது, சரி பண்ணிக் குடுன்னாங்க. நான் டெக்குல போட்டேன். கார் நிக்குது, அவர் குனியறாரு, வாய் அசையுது. என் பாட்டு கேக்குது.

அழிஞ்சு போச்சும்மான்னு சொல்லத் தைரியம் வரல, தலைய கவுந்துட்டு நின்னேன். அவங்க கொஞ்ச நேரம் பாத்துட்டு, ‘அந்த சவுண்ட கொறச்சுடுப்பா’ன்னாங்க. முழுசா எறக்குனேன். மறுபடி போடச் சொன்னாங்க. அவர் வாய் அசையற எடம் வந்ததும் அவங்களே சொன்னாங்க, ‘இப்ப சொல்றாரு பாரு, கொடை எடுத்துட்டியா பாப்பான்னு.’ ரீவைண்ட் பண்ணச் சொன்னாங்க. மறுபடி அதே எடத்துல, ‘கொடை எடுத்துட்டியா பாப்பா.’ நாலஞ்சு தடவ. அப்புறம் கேசட்ட அந்தப் பையில போட்டுட்டு, எவ்வளவுப்பான்னு கேட்டாங்க.

நல்ல பாட்டுங்க அது. இப்பவும் எங்கயாச்சும் போட்டா நான் எந்திரிச்சு வெளிய போயிடுவேன்.

லவ்டேல்ல இருந்து ஒரு வாசகி: பஸ்ல போகும்போது நீங்க என்ன பாட்டு கேப்பீங்க?

டிரைவர் போடறத.